மொழி வகுப்பறையில் எழுந்த சிரிப்பு
ஒரு தொலைக்காட்சி நகைச்சுவையின் பிரித்தானிய, அமெரிக்க வடிவங்களும் நமது அனுபவமும்

1

நகைச்சுவை பற்றித் தமிழில் நடைபெற்றுள்ள ஆய்வுகளுட் பல, தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் எடுத்துக்காட்டி, அவற்றுக்கு இயைபான உதாரணங்களைத் தொகுத்தளிப்பதோடு அமைந்துவிடுகின்றன. யார் யாரை நோக்கிச் சிரிக்கின்றனர், அச்சிரிப்பு எத்தகைய சமூக உறவின் வெளிப்பாடாக அமைகின்றது என்னும் வினாக்கள் அவற்றில் எழுப்பப்படுவது அரிது. ஆயின் நமது உரைமரபிலேயே இவ்வினாக்களுக்கான வாயில் ஒன்று திறந்து கிடக்கின்றது. இளம்பூரணர் தம் உரையில் எடுத்தாளும் செயிற்றியச் சூத்திரம், நகை தோன்றும் இடங்களை நீண்டதொரு பட்டியலாகத் தருகின்றது. முடவரின் நடை, குழவியின் மழலை, கல்லாதார் பேசும் கல்வி, மெலியோன் பேசும் வலிமை, கூனர், ஊமர், செவிடர் ஆகியோருடன் ஆரியர் பேசும் தமிழும் அப்பட்டியலில் இடம்பெறுகின்றது. அயலான் நமது மொழியைப் பேசுகையில் எழும் சிரிப்பு, உடற்குறை கண்டு எழும் சிரிப்பின் அருகில் வைத்து எண்ணப்பட்டிருப்பது மனங்கொளத்தக்கது. மொழியைச் சொத்தாகவும், அதைப் பிழைபடப் பேசுதலை ஊனமாகவும் கருதும் மனோபாவம் நெடுங்காலத்தது என்பதற்கு இது சான்று.

இம்மனோபாவம் முதலாளித்துவ வெகுசனத் தொடர்பு யுகத்தில் எவ்வுருவங்களைப் பெறுகின்றது என்பதை ஆராய்வதற்கு, ஒரே நகைச்சுவைத் தொடர் இரு நாடுகளில் இரு வடிவங்களைப் பெற்ற நிகழ்வொன்றினை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். பிரித்தானியாவில் 1977ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' என்னும் தொடரும், அதனை அடியொற்றி 1986இல் ஐக்கிய அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட 'வாட் எ கன்ட்ரி' என்னும் தொடருமே அவை. இரண்டும் இரவு வகுப்பொன்றில் வந்துசேரும் பல நாட்டுக் குடியேறிகளைப் பற்றியவை. முன்னையது இலங்கையிலும் காண்பிக்கப்பட்டு, பெரிதும் விரும்பிப் பார்க்கப்பட்டது.

இவ்வொப்பீடு நமக்கு வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என அம்பாறைக் கரையோரம் நெடுகிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு வாழும் முஸ்லிம் மக்கள், தம் தாய்மொழியிலேயே 'ஒரு மாதிரியாக'ப் பேசுபவர் எனக் கருதப்பட்டவர்கள். மேடையிலும் வானொலியிலும் தம்மொத்த பேச்சு ஒலித்தவுடனேயே, கூறப்படும் பொருள் யாதாயினும், சபையோர் சிரிக்கத் தொடங்கிவிடுவதை அறிந்தவர்கள். ஆதலின் மொழி வகுப்பறையில் எழும் சிரிப்பின் பொருளை வினவும் உரிமையும் தேவையும் நமக்குண்டு.

2

'மைண்ட் யுவர் லாங்குவேஜ்' தொடரை எழுதியவர் வின்ஸ் பவல். இலண்டன் வார இறுதித் தொலைக்காட்சி நிறுவனம் அதனை 1977 முதல் 1979 வரை மூன்று பகுதிகளாக வழங்கியது. ஒக்ஸ்ஃபோர்ட் பட்டதாரியான ஜெரமி பிரவுண் என்னும் இளம் ஆசிரியர், ஆங்கிலம் அறியாத வெளிநாட்டவர்க்கு மாலை வகுப்பொன்றில் ஆங்கிலம் கற்பிக்கின்றார். பாகிஸ்தானியனான அலி நதீம், சீக்கியனான ரஞ்சித் சிங், பஞ்சாபி இல்லத்தரசி ஜமீலா, சீனப் பெண் சுங் சு-லீ, ஜப்பானியர் தாரோ, இத்தாலியர், ஸ்பானியர், கிரேக்கர், பிரெஞ்சுப் பெண், ஜேர்மன் பெண் ஆகியோர் மாணவர்கள். தொடரின் நகை பெரும்பாலும் இவர்கள் ஆங்கிலத்தைப் பிறழ உணர்வதிலிருந்தும் பிறழ உச்சரிப்பதிலிருந்தும் பிறக்கின்றது.

இப்பாத்திரங்கள் ஜார்ஜ் லூக்காச் கூறும் பொருளில் வகைமாதிரிகள் அல்ல. வகைமாதிரியில் வரலாற்றின் இயக்கம் தனிமனிதன் ஒருவனின் வாழ்வினூடாகத் துலங்கும். இங்கோ வரலாறு வடிகட்டப்பட்டு அச்சுவார்ப்பு மாத்திரமே எஞ்சுகின்றது. அலியும் ரஞ்சித்தும் ஓயாது சண்டையிடுகின்றனர். 1947ஆம் ஆண்டின் பிரிவினை, அதில் மாண்ட இலட்சக்கணக்கானோர், அப்பிரிவினையை விட்டுச்சென்ற பேரரசு யாவும் இரு மாணவரின் வகுப்பறைச் சச்சரவாகச் சுருங்குகின்றன. சு-லீ மாவோவின் சிவப்புப் புத்தகத்தைக் கையிலேந்தித் தாரோவுடன் மோதுகின்றாள். ஆசியாவின் நூற்றாண்டுக்காலப் போராட்டம் நகைத்துணுக்காகி விடுகின்றது. இச்சண்டைகளுக்கெல்லாம் நடுவே நிதானமாக நிற்பவர் ஆங்கிலேய ஆசிரியர் ஒருவரே. குடியேற்ற ஆட்சி தன்னைப் பற்றிப் புனைந்துகொண்ட பழைய கதையே இது. தமக்குள் அடித்துக்கொள்ளும் சுதேசிகளுக்கிடையே அமைதி பேணும் நடுவர் என்னும் கதை, மாவட்ட அதிபதியின் கச்சேரியிலிருந்து மாலை வகுப்பின் கரும்பலகைக்கு இடம்பெயர்ந்துள்ளது.

நடிகர் தேர்வு இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குகின்றது. சீக்கியனாக நடித்த அல்பேர்ட் மோசஸ் இலங்கையிற் பிறந்தவர். பாகிஸ்தானியனாக நடித்த டினோ ஷஃபீக் டாக்காவிற் பிறந்தவர். சீனப் பெண்ணாக நடித்த பிக்-சென் லிம் மலேசியர். தயாரிப்பாளரின் நோக்கில் கீழைத்தேயத்தார் ஒருவருக்கொருவர் பதிலீடாகக்கூடியவர்கள். சந்தையில் ஒரு பண்டம் இன்னொன்றுக்கு ஈடாவது போன்று, இங்கு ஓர் இனத்தவர் இன்னோர் இனத்தவருக்கு ஈடாகின்றார்.

இத்தொடரில் விமரிசகர் அதிகம் கவனியாத இருவர் உளர். ஒருவர் பாடசாலைக் காவலாளி சிட்னி. மற்றவர் தேநீர் வழங்கும் கிளாடிஸ். இவர்கள் இலண்டன் தொழிலாளர். இவர்தம் ஆங்கிலமும் ஒக்ஸ்ஃபோர்டின் ஆங்கிலத்திலிருந்து வெகுதூரம் விலகியதே. சிட்னியின் கொக்னிப் பேச்சு வெளிநாட்டு மாணவரைத் திகைக்கவும் வைக்கின்றது. எனினும் அவரை எவரும் வகுப்பில் அமர்த்தித் திருத்த முற்படுவதில்லை. ஆளும் வர்க்கத்தின் மொழிவழக்கே செம்மையானது என்னும் கோட்பாட்டின்படி நோக்கினால், சிட்னியும் அலியும் ஒரே வாங்கில் அமரவேண்டியவர்கள். அவ்வாறு அமர்த்தப்படின் நகைச்சுவை குலைந்துவிடும். ஏனெனில், பிரச்சினை வெளிநாட்டவனின் நாவில் உள்ளதன்று, மொழியின் மீது ஒரு வர்க்கம் கொண்டுள்ள உரிமையில் உள்ளது என்பது வெளிப்பட்டுவிடும். சிட்னி சிரிக்கும் பக்கத்தில் நிறுத்தப்படுகின்றார். தன் வர்க்கத்தோழனாக வேண்டிய குடியேறியைப் பார்த்துச் சிரிக்கும் சலுகையே அவருக்கு வழங்கப்படும் கூலி.

இச்சலுகை வழங்கப்பட்ட காலத்தையும் நோக்குதல் வேண்டும். 1976 ஆகஸ்டில் வடமேற்கு இலண்டனின் கிரன்விக் படச்சுருள் கழுவும் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அதன் முன்னணியில் நின்றவர்கள் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த குஜராத்தியப் பெண் தொழிலாளர். தலைவி ஜயாபென் தேசாய். அது 1978 ஜூலை வரை நீடித்தது. ஆயிரக்கணக்கான வெள்ளைத் தொழிலாளர் அவர்களுக்கு ஆதரவாகத் திரண்டனர். அஞ்சல் ஊழியர் அந்நிறுவனத்தின் தபாலைக் கையாள மறுத்தனர். சேலையுடுத்த ஆசியப் பெண்கள் தமக்கே உரிய ஆங்கிலத்தில் முதலாளியை எதிர்த்து முழங்கினர். அதை இலண்டன் தொழிலாளர் நன்றாகவே விளங்கிக்கொண்டனர். அவ்வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருக்கையில்தான் ஜமீலா, ஆங்கிலம் அறியாது பின்னலூசியுடன் வகுப்பின் மூலையில் அமர்ந்திருக்கும் காட்சி இல்லந்தோறும் ஒளிபரப்பாயிற்று. தொடர் ஆரம்பித்த அடுத்த மாதம், 1978 ஜனவரியில், மார்கரெட் தாட்சர் அந்நியப் பண்பாட்டினரால் நாடு மூழ்கடிக்கப்படும் அச்சம் பற்றித் தொலைக்காட்சியிற் பேசினார். தொடரை எழுதியவர் தாட்சரின் ஆதரவாளர் என்பது நமது வாதமன்று. ஆசிரியனின் நோக்கம் யாதாயினும், வகுப்பறை என்னும் வடிவமே போராடும் தொழிலாளியை என்றும் தேறாத மாணவனாக மாற்றிவிடுகின்றது என்பதே நாம் சுட்டவிழைவது.

'என்றும் தேறாத' என்பதை அழுத்திக் கூறவேண்டும். வாரந்தோறும் அதே மாணவர் அதே பிழைகளைச் செய்கின்றனர். அவர்கள் கற்றுத் தேறினால் தொடர் முடிந்துவிடும். குடியேறியின் முன்னேறாமையே இங்கு பண்டத்தின் மூலப்பொருள். மிகப் பெருந்தொகையான பார்வையாளரைக் கொண்டிருந்தபோதும் 1979இல் இத்தொடர் நிறுத்தப்பட்டது. அதன் இன அச்சுவார்ப்புகள் மனம் புண்படுத்துவன என்று நிறுவனத்தின் பொறுப்பாளர் மைக்கல் கிரேட் கருதியமையே காரணமாகக் கூறப்படும். அவ்வாண்டு ஏப்ரலில் சவுத்தோல் பகுதியில் இனவாதக் கட்சியொன்றின் கூட்டத்தை எதிர்த்து ஆசிய மக்கள் கிளர்ந்தபோது, பிளேர் பீச் என்னும் ஆசிரியர் கொல்லப்பட்டார் என்பதையும் நினைவிற் கொண்டால், வகுப்பறைச் சிரிப்பு அதன் பின்னர் இயல்பாக எழமுடியாத ஒரு சூழல் உருவாகியிருந்தமை புலனாகும்.

3

ஏழாண்டுகளின் பின்னர் இதே வகுப்பறை லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு மாற்றப்பட்டது. ஆசிரியரின் பெயரில் பிரவுண் என்பது எஞ்சியது. அலி நதீம் என்னும் பாகிஸ்தானியன் பெயர் மாறாமலே கடல் கடந்தான். இம்முறை அப்பாத்திரத்தை ஏற்றவர் சென்னையிற் பிறந்த டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். டாக்காவின் மைந்தர் வகித்த இடத்தைத் தமிழகத்துக் கிறித்தவர் வகித்தார். பதிலீட்டு விதி அமெரிக்காவிலும் செல்லுபடியாயிற்று.

எனினும் மாற்றங்களே கூடுதலான கவனத்துக்குரியன. அவற்றுள் மூன்றை விதந்து கூறலாம்.

முதலாவது, பாடம் மாறிவிட்டது. இலண்டன் வகுப்பில் கற்பிக்கப்பட்டது ஆங்கிலம். லொஸ் ஏஞ்சல்ஸ் வகுப்பில் கற்பிக்கப்படுவது குடியுரிமைத் தேர்வுக்கான பாடம். முன்னையதற்கு முடிவில்லை; பின்னையதற்குத் தேர்வும் சத்தியப்பிரமாணமும் உண்டு. பிரித்தானிய ஆளும் வர்க்கம் தன் பழைய குடிமக்களை வெளியே நிறுத்திவைக்கும் சட்டங்களை 1962, 1968, 1971 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து இயற்றியது. அமெரிக்க முதலாளித்துவத்திற்கோ குடியேறும் உழைப்பு தொடர்ந்து வேண்டியிருந்தது. 1986 நவம்பரில் அங்கு நிறைவேறிய சட்டம், ஆவணமின்றி வேலைசெய்துவந்த இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சட்டபூர்வ நிலை பெற வழிசெய்தது. அதேவேளை இனிவருவோர்க்கு வாயிலை இறுக்கியது. ஆகவே பிரித்தானிய வடிவில் மொழி ஒரு மதில். அமெரிக்க வடிவில் அது ஒரு சுங்கச்சாவடி. தீர்வை செலுத்தியவர் உள்ளே நுழையலாம்.

தீர்வை யாது என்பதையும் அவ்வாண்டே காட்டியது. தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த 1986 நவம்பரில் கலிபோர்னிய மாநில வாக்காளர், ஆங்கிலமே அம்மாநிலத்தின் உத்தியோக மொழி என்னும் முன்மொழிவை நிறைவேற்றினர். ஸ்பானிய மொழி தலைமுறை தலைமுறையாக வழங்கிவந்த மண் அது. வகுப்பறையில் புன்னகையோடு கேட்கப்பட்ட விலை, வாக்குச்சாவடியில் சட்டமாகக் கேட்கப்பட்டது.

இரண்டாவது மாற்றம் நகையின் இலக்குப் பற்றியது. அமெரிக்கத் தொடரின் நாயகர் ஆசிரியர் அல்லர். யாக்கோவ் ஸ்மிர்னோவ் நடித்த நிக்கொலாய் என்னும் ரஷ்ய வாடகைக்கார் ஓட்டுநரே. ஸ்மிர்னோவ் 1977இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து வெளியேறிய மேடை நகைச்சுவையாளர். சோவியத் வாழ்வையும் அமெரிக்க வாழ்வையும் எதிரெதிர் நிறுத்தி, பின்னையதை வியப்பதே அவரது உத்தி. தொடரின் பெயரும் அவ்வியப்புச் சொல்லே. இதனால் பார்வையாளரின் சிரிப்பு, குடியேறியின் நாவிலிருந்து அவன் விட்டுவந்த நாட்டின்மீது திருப்பப்படுகின்றது. றேகன் சோவியத் ஒன்றியத்தைத் தீய பேரரசு என வருணித்த 1983ஆம் ஆண்டுக்குப் பிந்திய அமெரிக்காவில் இச்சிரிப்பின் அரசியற் பயன் விளக்கத்தை வேண்டாதது. சோவியத் சமூகத்தில் சிரிப்புக்குரியன இல்லை என நாம் கூறவரவில்லை. அச்சமூகத்தின் அதிகாரிகளையும் வரிசைகளையும் அங்குள்ள மக்களே எள்ளி நகையாடினர். ஆனால் அது தம் வாழ்வை மாற்ற விழைந்தோரின் எள்ளல். லொஸ் ஏஞ்சல்சில் அதுவே ஏற்கெனவே வெற்றிபெற்றோரின் ஆறுதலாக விற்கப்பட்டது.

மூன்றாவது மாற்றம் வடிவம் சார்ந்தது. அதன் முற்போக்கான அம்சத்தையும் ஒளிக்காது கூறுதல் வேண்டும். பிரித்தானிய வடிவில் குடியேறி சிரிப்புக்குப் பொருளாகின்றான். அமெரிக்க வடிவில் அவன் சிரிப்பை ஆக்குபவனாகின்றான். நிக்கொலாய் தன் பிழையை அறிந்தே பயன்படுத்துகின்றான். அவனது கொச்சை ஆங்கிலம் ஒரு கருவி. அலி, ரஞ்சித் ஆகியோர்க்குக் கிட்டாத தன்னுணர்வு அவனுக்குக் கிட்டுகின்றது. இது சிறிய வேறுபாடன்று. ஆயின் இத்தன்னுணர்வுக்கு நிபந்தனையொன்று உண்டு: அவன் புதிய நாட்டைப் பாராட்டியவாறே பேசவேண்டும். வாடகைக்கார் ஓட்டுநரின் நீண்ட வேலைநேரம், வாடகை, நோய்ச்செலவு ஆகியவற்றைப் பற்றி அதே கூர்மையோடு அவன் பேசத் தொடங்கினால், தொடரின் பெயரே வஞ்சப்புகழ்ச்சியாக மாறிவிடும்.

சுருங்கக் கூறின், பிரித்தானியத் தொடர் இழந்த பேரரசின் ஏக்கத்திலிருந்தும், அமெரிக்கத் தொடர் ஏறுமுகமான பேரரசின் தன்னம்பிக்கையிலிருந்தும் சிரிக்கின்றன. முன்னையது குடியேறியை மாறாதவனாகக் காண்கின்றது; பின்னையது அவனை மாறியே தீரவேண்டியவனாகக் காண்கின்றது. இரண்டும் அவன் உழைப்பைக் காண்பதில்லை. இலண்டன் வகுப்பின் ரஞ்சித் நிலக்கீழ்ப் புகையிரத ஊழியன். லொஸ் ஏஞ்சல்ஸ் வகுப்பின் நிக்கொலாய் வாகன ஓட்டுநன். இரு மாநகரங்களையும் இயங்கவைப்போர் இவர்களே. வகுப்புக்கு வருமுன் இவர்கள் செய்த பகல் வேலை இருளில் விடப்படுகின்றது. மாலையில் இவர்கள் செய்யும் பிழை வெளிச்சத்தில் நிறுத்தப்படுகின்றது.

4

அமெரிக்க வடிவம் ஒரே பருவத்துடன், 1987இல், முடிந்துபோயிற்று. பிரித்தானிய வடிவமோ அதன் சொந்த நாட்டில் நிறுத்தப்பட்ட பின்னரும் முன்னாட் குடியேற்ற நாடுகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. அலியையும் ரஞ்சித்தையும் பார்த்து நாம் ஏன் சிரித்தோம்?

ஹென்றி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட தமது நூலில், சிரிப்பானது உடன்சிரிப்போரின் குழுவொன்றை எப்போதும் வேண்டிநிற்கும் என விளக்கினார். இக்கருத்தை வர்க்க நோக்கில் விரித்துக்கொள்ளலாம். ஆங்கிலப் பிழையைக் கண்டு சிரிப்பவன், தான் அப்பிழையைச் செய்யாதவன் என்பதை உடனிருப்போர்க்கு அறிவிக்கின்றான். சிரிப்பே இங்கு ஒரு தராதரப் பத்திரம். சிங்கள இளைஞர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று அழைத்தமை பிரசித்தமானது. அவ்வாளால் வெட்டுண்ட சமூகத்தில், அதன் பிடியை ஒரு கணமாயினும் பற்றிக்கொண்டதான உணர்வை அத்தொடர் வழங்கிற்று. 1979இல் சுயாதீன தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தோன்றிய காலம், திறந்த பொருளாதாரத்தின் தொடக்க காலம். ஆங்கிலத்தின் சந்தைப் பெறுமதி மீண்டும் ஏறிக்கொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் நமது கரையோர ஊர்களிலிருந்து இளைஞர் வளைகுடா நாடுகளுக்குத் தொழில்தேடிச் செல்லலாயினர். எந்த வகுப்பறையும் இன்றி, கட்டடத்தளங்களிலும் சமையற்கட்டுகளிலும், ஏச்சையும் கட்டளையையும் கேட்டே அவர்கள் அறபும் ஆங்கிலமும் கற்றனர். அவர்தம் பிழைகளுக்கு விலை இருந்தது, சிரிப்பொலி இருக்கவில்லை.

இவ்வடிவம் எம்மொழியையும் அரியணையில் ஏற்றவல்லது என்பதற்கு இந்தியாவில் 1993இல் தூர்தர்ஷன் வழங்கிய 'சபான் சம்பால் கே' சான்றாகும். பங்கஜ் கபூர் ஆசிரியராக நடித்த அத்தொடரில் ஆங்கிலத்தின் இடத்தை இந்தி பெற்றது. வெளிநாட்டவருடன் இந்தியாவின் பிற மொழியினரும் மாணவராயினர். 1965ஆம் ஆண்டின் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை அறிந்த தமிழ் வாசகர்க்கு, தன் நாட்டிலேயே மாணவனாக்கப்படுதலின் பொருளை விளக்கவேண்டியதில்லை. மொழிப்பிரச்சினை மேலெழும்போதெல்லாம் ஆளும் வர்க்கத்தின் மேலாண்மை மறுசீரமைக்கப்படுகின்றது என்னும் கருத்தை அந்தோனியோ கிராம்ஷி தமது சிறைக்குறிப்புகளில் முன்வைத்தார். மொழி வகுப்பு நகைச்சுவை அம்மறுசீரமைப்பின் இனிய முகம்.

5

இலங்கையில் மொழி வகுப்பு நகைச்சுவையாக அமையவில்லை. அது சட்டமாக வந்தது. 1956ஆம் ஆண்டின் உத்தியோக மொழிச் சட்டத்தைத் தொடர்ந்து, தமிழ் பேசும் அரசாங்க ஊழியர் சிங்களத் தேர்ச்சியைக் காட்டவேண்டியவராயினர். காட்டாதோர் பதவி உயர்வையும் பதவியையும் இழக்கலாயினர். நடுவயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டியிருந்த எழுதுவினைஞரின் நிலை எவருக்கும் நகை விளைத்ததில்லை.

இப்பின்னணியில் நோக்குமிடத்து, 1970களில் இலங்கை வானொலியில் ஒலிபரப்பாகிப் பெரும் வரவேற்பைப் பெற்ற 'கோமாளிகள் கும்மாளம்' தனிமுக்கியத்துவம் பெறுகின்றது. எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த அத்தொடர், 1976இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. அதன் நடுநாயகப் பாத்திரங்கள் நால்வர். ராம்தாஸ் மரிக்காராக முஸ்லிம் தமிழும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாக யாழ்ப்பாணத் தமிழும், எஸ். செல்வசேகரன் உபாலியாகச் சிங்களவர் பேசும் தமிழும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகப் பிராமணத் தமிழும் பேசினர். பாத்திரப் பெயர்களே பின்னர் நடிகர்க்கு அடைமொழியாயின.

நாம் இதுவரை ஆராய்ந்த இரு வடிவங்களோடும் இதனை ஒப்பிடின் ஓர் அடிப்படை வேறுபாடு புலனாகும். இங்கு ஆசிரியர் இல்லை. கரும்பலகை இல்லை. நால்வருள் எவருடைய தமிழும் செந்தமிழன்று. ஒருவர் பேச்சை அளக்க மற்றவர் பேச்சு அளவுகோலாவதில்லை. வேதியனின் மொழியும் வணிகனின் மொழியும் ஒரே தளத்தில் நிறுத்தப்படுகின்றன. செம்மையின் சிம்மாசனம் வெறுமையாக இருப்பதால், சிரிப்பு மேலிருந்து கீழே பாயாது பக்கவாட்டிற் பரவுகின்றது. 1960களின் தொடக்கத்தில், பேச்சுவழக்கைக் கையாண்ட முற்போக்கு எழுத்தாளர்மீது 'இழிசனர் இலக்கியம்' என்னும் பழி சுமத்தப்பட்டதையும், அதனை எதிர்த்து நடந்த மரபுப் போராட்டத்தையும் நினைவிற்கொள்வோர்க்கு, வெகுசன ஊடகமொன்றில் இத்தகைய சமத்துவம் தோன்றியதன் வரலாற்றுப் பின்புலம் விளங்கும். 1972இல் திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டமையும், தென்னிந்தியச் சஞ்சிகைகள், திரைப்படங்கள் ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டமையும் அதன் பொருளியற் களமாக அமைந்தன. 1977இன் பின்னர் அக்களம் சுருங்கியது.

உபாலி என்னும் பாத்திரம் மேலும் சிந்திக்கத்தக்கது. தமிழர் சிங்களம் கற்கவேண்டும் என அரசு கட்டளையிட்டிருந்த நாட்டில், சிங்களவர் ஒருவர் தட்டுத்தடுமாறித் தமிழ் பேசி, தமிழ் பேசுவோர் நடுவே நண்பராக உலாவுகின்றார். செயிற்றியனார் குறித்த ஆரியர் தமிழின் வாரிசு இவர் எனலாம். அயலான் நம் மொழியில் தவறுவதைக் கண்டு எழும் பழைய சிரிப்பே இங்கும் எழுகின்றது. ஆயின் அரசதிகாரம் கேட்போர் பக்கத்தில் இல்லை. பிழைபடப் பேசுபவனின் மொழிப்பக்கமே உள்ளது. எனவே அச்சிரிப்பில் எள்ளலைவிட, அயலான் நம் மொழிக்குள் வந்தான் என்னும் மகிழ்ச்சியே மேலோங்குகின்றது. அதே நகைப்பொருள், அதிகார உறவு மாறியவுடன் வேறு பொருள் கொள்கின்றது. மொழிக்குறி வர்க்கப் போராட்டத்தின் களம் என்று வொலொஷினொவ் 1929இல் எழுதியதன் தாற்பரியம் இதுவே.

நடிகர் தேர்விலும் இவ்வேறுபாடு உண்டு. முஸ்லிமல்லாதவர் மரிக்காராகவும், முஸ்லிமான அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தனர். இலண்டனில் நிகழ்ந்த பதிலீடு ஒருவழிப் பாதை. அங்கு பாகிஸ்தானிய நடிகர் எவரும் ஒக்ஸ்ஃபோர்ட் ஆசிரியராக நடிக்கவில்லை. இங்கு பரிமாற்றம் இருவழியானது. பிறனுடைய நாவைத் தன் வாயில் ஏற்று, அவனுக்குத் தன் நாவைக் கொடுக்கும் பண்டமாற்று இது.

எனினும் இத்தொடரை வானளாவப் புகழ்ந்து அமைதல் விமரிசனமாகாது. கிழக்குக் கரையோரத்திலிருந்து அதனைக் கேட்போர்க்கு ஒரு குறை துலக்கமாகத் தெரியும். 'மரிக்கார்' என்னும் பெயரும் பேச்சும் மேற்குக் கரையின் முஸ்லிம் வழக்கைச் சார்ந்தன. இலங்கைத் தமிழ்ப் பொழுதுபோக்கில் 'முஸ்லிம்' என்னும் அச்சுவார்ப்பு வணிகனாகவே உறைந்துள்ளது. மருதமுனையின் தறியில் அமர்ந்த நெசவாளியும், சம்மாந்துறையின் வயலில் இறங்கிய குத்தகைக்காரனும், சாய்ந்தமருதின் கடலில் வலையிழுக்கும் மீனவனும் அச்சித்திரத்தில் இல்லை. கல்லோயாத் திட்டத்தாலும், 1961இல் அம்பாறை மாவட்டம் உருவானதாலும் நிலம், நீர், நிருவாகம் பற்றிய புதிய கேள்விகளை எதிர்கொண்ட உழவர் சமூகம் ஒன்று முழுதாகக் கண்ணுக்குத் தெரியாமற் போகின்றது. வணிகன் என்னும் ஒற்றை முகமூடி, முஸ்லிம் மக்களுக்குள் உள்ள வர்க்க வேறுபாட்டை மறைக்கின்றது. முஸ்லிம் உழைப்பாளியும் தமிழ் உழைப்பாளியும் ஒருவரையொருவர் இனங்கண்டுகொள்வதையும் அது தடுக்கின்றது.

அவ்வாறே நமது வழக்கும் கேட்கப்படாதுபோகின்றது. மட்டக்களப்புப் பிரதேசத்தின் பேச்சுத்தமிழ், தமிழ்ப் பேச்சுவழக்குகள் யாவற்றிலும் இலக்கிய வழக்குக்கு மிக நெருக்கமானது என்று கமில் சுவெலபில் கருதினார். அப்பிரதேச வழக்கின் ஒரு கிளையே அம்பாறைக் கரையோர முஸ்லிம்களின் தமிழ். வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா என உறவுமுறை கூறும் அதே நாவுதான், வணக்கத் தலத்தைப் பள்ளி என்றும், வணக்கத்தைத் தொழுகை என்றும், விரதத்தை நோன்பு என்றும், கறிக்குழம்பை ஆணம் என்றும், பிறகு என்பதை மறுகா என்றும் வழங்குகின்றது. இஸ்லாத்தின் அடிப்படைக் கடமைகளையே பழந்தமிழ்ச் சொற்களாற் குறிக்கும் மக்களை, தமிழை ஒழுங்காகப் பேசத் தெரியாதோராகச் சித்திரிப்பது அறியாமை. எள்ளல், பேதைமை என்னும் இரண்டில் எது அதற்குப் பொருந்தும் என்பதை வாசகர் தீர்மானிப்பராக.

6

உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும் செவியும், உச்சரிப்பைக் கேட்டு ஆளை இனங்காணும் செவியும் வெவ்வேறானவை அல்ல. 1983 ஜூலையில் கொழும்பு வீதிகளில் வழிமறிக்கப்பட்டோரிடம் வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்னும் சிங்களச் சொல்லைக் கூறச்செய்து, தமிழர் எனக் கண்டோரைத் தாக்கியமை பலரது நினைவுகளிலும் எழுத்துகளிலும் பதிவாகியுள்ளது. செல்வசேகரன் நடித்த உபாலியின் தமிழைக் கேட்டு ஒரு தலைமுறை சிரித்து மகிழ்ந்த அதே நாட்டில், தமிழனின் சிங்களம் மரணதண்டனைக்குரிய பிழையாயிற்று. நாட்டின் தமிழ்த் திரைப்படத்துறையும் அக்கலவரத்தோடு பேரிழப்புக்குள்ளாயிற்று. 1985இலும் 1990இலும் கிழக்கில் தமிழ் பேசும் இரு சமூகங்களிடையே குருதி சிந்தப்பட்டபோது, ஒரே மொழியின் இரு வழக்குகளே இரு முகாம்களின் அடையாளங்களாக நோக்கப்பட்டன. ஆதலின் பேச்சுவழக்கு நகைச்சுவையை ஆராய்தல் ஓய்வுநேர அலுவலன்று.

இலண்டன் வகுப்பறை குடியேறியை வாயிலில் நிறுத்திச் சிரித்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் வகுப்பறை அவனது பழைய வாழ்வை விலையாகப் பெற்றுக்கொண்டு உள்ளே அழைத்தது. கொழும்பு வானொலி நிலையத்தின் நான்கு கோமாளிகள், வகுப்பறையே இல்லாதவிடத்து மொழி எவ்வளவு விசாலமானது என்பதைச் சில ஆண்டுகள் காட்டினர். அவர்கள் விட்ட இடத்திலிருந்து மேற்செல்வதாயின், முஸ்லிம் பாத்திரம் கடைக்கல்லாவை விட்டிறங்கி வயலுக்கும் தறிக்கும் கடலுக்கும் வருதல் வேண்டும். அப்பாத்திரத்தின் பேச்சைக் கேட்பவன் முதலில் பொருளையும் பின்னரே ஒலியையும் செவிமடுத்தல் வேண்டும். கல்முனை மீனவனும் காரைதீவு உழவனும் தத்தம் தமிழில் முதலாளியையும் அதிகாரியையும் தம்மையும் எள்ளிச் சிரிக்கும் ஒரு நாடகம் எழுதப்படுமாயின், செயிற்றியனாரின் பட்டியலில் இன்றுவரை சேர்க்கப்படாத ஓர் இடம் அதனாற் சேரும்: சமமானோர் தமக்குள் கூடி நகுமிடம்.